விலாங்கு என்று வாழ்த்தியவள்

புனேயில், ஔந்து பகுதியில், எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்த பெண் விலாங்கு மீன்களை ஆராய்ந்துகொண்டிருந்தாள். கொங்கண் பக்கத்து ஆறுகளில் விலாங்குகளைப் பிடித்து, தோலுக்கடியில் அரிசி அளவு மின்னணுச் சில்லு பதித்து விட்டுவிடுவாள். மழைக்காலத்தில் அவை கழிமுகம் தாண்டிக் கடலுக்கு எப்போது இறங்குகின்றன என்று பார்ப்பாள். ஒல்லி உடம்பு, சேறு காயாத செருப்பு. புனேயில் பெருமழை பிடித்தால் பால்கனிக்கு ஓடிவந்து, "கிளம்பிருப்பாங்க ஆன்ட்டி!" என்பாள், ஏதோ சொந்தக்காரர்களைச் சொல்வதுபோல.

என் கணவர் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான தூத்துக்குடிக்கே திரும்ப முடிவெடுத்தபோது, நண்பர்கள் எல்லாரும் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். வழியனுப்ப வந்த இவள் மட்டும், "அங்கிள், நீங்க பக்கா விலாங்கு!" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நம் ஊரில் கைக்குச் சிக்காமல் நழுவுகிற ஆளைத்தான் அப்படித் திட்டுவோம். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

"எத்தனை வருஷம் ஆத்துல இருந்தாலும் அது கடலை மறக்காது, அங்கிள்."

"போனா திரும்பி வருமா?" என்று கேட்டார் இவர்.

"அரே, அது வராது. குட்டிங்கதான் ஆத்துல ஏறி வரும்."

போன ஆனியில் எங்கள் மகளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. ரயில் நகர்ந்ததும், அழ இருந்த என்னிடம் இவர் மெல்லச் சொன்னார்: "குட்டி ஏறிடுச்சு."