அமுலுவுக்கு ஒரு வயது குறைவு

ஒரு பெண்ணின் வயதிலிருந்து ஓர் ஆண்டை நான் திருடினேன்.

பணத்தைத் திருடியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். நகையைத் திருடியிருந்தால், யாரும் பார்க்காத நேரத்தில் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்திருப்பேன். ஓர் ஆண்டை எங்கே கொண்டுபோய் வைப்பது? தெரிந்தால் சொல்லுங்கள்!

இதை வாசிக்கும் நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ரயில் பாதையை ஒட்டிய ஓர் ஊரில் இருக்கிறேன். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் எழுத்தர் வேலை. யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்று பார்ப்பதே என் பிழைப்பு. வீட்டிலும் அதே புத்திதான். நூலகத்தில் ஒரு வரலாற்று நூலை எடுத்தால் முதலில் கடைசியில் இருக்கும் ஆண்டு அட்டவணையைத்தான் வாசிப்பேன். எங்கள் ஏரி உடைந்தது எப்போது, கரண்டு வந்தது எப்போது, முதல் தொழிற்சாலையின் சங்கு ஒலித்தது எப்போது... எல்லாம் நாவின் நுனியில் இருக்கும். ஊரில் எனக்குப் பெயர் ‘காலண்டர் சார்’.

அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்தப் பக்கங்களில் ஒரு தேதியைக்கூட நான் எழுதப்போவதில்லை. எழுதும் தகுதியை இழந்துவிட்டேன். சுனாமி வந்துபோனதற்கு அடுத்த கோடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எங்கள் ஊரில் குடிநீர் என்றால் லாரித் தண்ணீர்தான். தெருக்குழாய்களில் வருவது உப்பு. லாரி ஒருநாள் வரும், மறுநாள் வராது. வந்த அன்று சண்டை வரும். என் மனைவிக்கு முதுகெலும்பில் தேய்மானம். குடத்தை இடுப்பில் ஏற்றும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொள்வதை நான் பார்த்தும் பார்க்காதவனாகச் சட்டை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவேன்.

இந்த நிலையில்தான் அரசுக் கடன் பற்றிய செய்தி வந்தது. குடிநீர்த் திட்டத்துக்காகச் சில ஊராட்சிகளுக்குக் குறைந்த வட்டியில் கடன். ஊரார் குழாய் வரி கட்டக் கட்ட அது அடையும். மேல்நிலைத் தொட்டி, புதுக் குழாய்கள், வீட்டுக்கு வீடு இணைப்பு! ஒரே ஒரு நிபந்தனை. தண்ணீர் எடுக்கும் இடம் கோடையிலும் வற்றாததாக இருக்க வேண்டும். வற்றிவிட்டால் தொட்டி வெறும் தூணாக நிற்கும், கடன் மட்டும் மிஞ்சும்.

இரண்டு இடங்கள் பேச்சில் இருந்தன. ஒன்று, எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஏரிக்கரைக் கிணறு. மற்றொன்று, காலனிக்கு அப்பால் இருக்கும் ஊற்றுப் பள்ளம். பள்ளத்தில் எடுத்தால் தொட்டி காலனிப் பக்கம் எழும். குழாய்களுக்கே கடனில் பெரும்பங்கு போய்விடும். எங்கள் தெரு கடைசியில் நிற்கும், ஒருவேளை விட்டும் போகும். கிணற்றில் எடுத்தால் தொட்டிக்கு முதல் வீடு என் வீடு.

புரிகிறதா? நான் பெரிய காரணம் எதையும் சொல்லி உங்களை ஏமாற்றப்போவதில்லை. முதல் வீடு என் வீடு... அவ்வளவுதான்.

அதிகாரிகள் வந்த அன்று பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூட்டம். முந்தைய மழை நன்றாகப் பெய்திருந்தது. கிணற்றில் தண்ணீர் படிக்கட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. மோட்டார் வைத்து இறைத்துப் பார்த்தும் மட்டம் அதிகம் இறங்கவில்லை. கடன் பிரிவு அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“மழை பெஞ்ச வருஷத்துல எல்லாக் கிணறும் நல்லாத்தான் இருக்கும். இது என்னைக்காவது வத்திப் பார்த்தவங்க இருக்கீங்களா?”

பின்வரிசையில் முனியம்மா எழுந்தாள். காலனிக்காரி, முன்பு நாற்று நட்டுக்கொண்டிருந்தவள், நிலங்கள் தொழிற்சாலைக்குப் போன பிறகு ஆண்டில் பாதி செங்கல் சூளை, மீதி கிடைத்த வேலை.

“நான் பாத்துகீறேன் சார். எங்க அமுலு பொறந்த வருசம் அதுல ஒரு சொட்டு இல்ல. புள்ள பெத்த ஊட்டுக்கு ஒரு கொடம் தண்ணி இல்லாம பேஜாரா பூட்ச்சி. எங்க மாமியா கொடத்த எடுத்துக்கினு ஊர் ஊரா சுத்திச்சி.”

ஊராட்சித் தலைவர் நெற்றியைச் சுருக்கினார். அவருடைய மைத்துனன் பாலு, எங்கள் தொழிற்சாலைக்கு ஆள் பிடித்துவிடும் கான்டிராக்டர், உடனே எழுந்தான்.

“நேத்து இன்னா கொழம்பு வச்சேன்னு கேட்டா முழிப்ப நீ. பதினெட்டு வருசத்துக் கத பேச வந்துட்ட! குந்து முனிம்மா, குந்து.”

சிரிப்பு. அவள் உட்காரவில்லை.

தலைவர் என் பக்கம் திரும்பினார். “காலண்டர் சார் கீறாரு, அப்பறம் நமக்கு இன்னாத்துக்குச் சண்ட? சார், நீங்க சொல்லுங்க.”

எல்லா முகங்களும் என்னைப் பார்த்தன. அவள் முகமும்தான்! எனக்காகக் காத்திருந்த முகம் அது. நான் எழுந்தால் உண்மை ஜெயித்துவிடும் என்று நம்பிய முகம்.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டில், வற்றிய அந்தக் கிணற்றின் அடியில் நானே நின்றிருக்கிறேன்!

என் தாயார் தண்ணீர் சேந்தும்போது தவறவிட்ட பித்தளைச் செம்பை எடுக்க இறங்கினேன். தரை வெடித்துக் கிடந்தது. உடைந்த பானை ஓடுகளும், துருவேறிய ஒரு கொக்கியும், எங்கள் செம்பும்... அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு தட்டளவு. செம்போடு மேலே ஏறி வந்தபோது கிணற்றடியில் ஒரு பெண்மணி வெறும் குடத்துடன் நின்றிருந்தார். முனியம்மாவின் மாமியார்.

“உள்ள தண்ணி கீதா நைனா? மருமவ புள்ள பெத்துக்கினு பட்த்துனுகிறா.”

இல்லை என்றேன். அந்த ஆண்டும் மாதமும் என் மனத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றன. அந்தச் செம்பு இன்றும் என் வீட்டில் இருக்கிறது.

ஆக, எனக்குத் தெரியும். சந்தேகமின்றித் தெரியும்! அப்படியிருந்தும் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, என்ன சொன்னேன் தெரியுமா?

“அந்தம்மா பொய் சொல்லல. ஆனா குழப்பிக்கிறாங்க. வத்தினது இந்தக் கிணறு இல்ல, இப்ப தூர்ந்துபோன காலனிக் கிணறு. அதுவும் அவங்க சொல்ற வருஷம் இல்ல. அதுக்கு அடுத்த வருஷம். அவங்க பொண்ணு பொறந்ததும் அந்த வருஷம்தான். ஏரிக்கரைக் கிணறு எனக்குத் தெரிஞ்சு வத்தினதே இல்ல.”

‘வற்றவில்லை’ என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பொய் நிற்பதற்கு ஓர் ஆண்டு தேவைப்பட்டது... கைக்கெட்டிய தூரத்தில் அமுலுவின் ஆண்டு இருந்தது. அதை எடுத்து முட்டுக் கொடுத்தேன். அது ஒரு குழந்தையின் பிறப்பு என்று அந்தக் கணத்தில் தோன்றவே இல்லை.

முனியம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவள் விரல்களை மடக்கி எதையோ எண்ணினாள். பிறகு மெதுவாக, “அப்டியா சார்?” என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

கடன் கிடைத்தது.

எங்கள் தெருவில் பள்ளம் தோண்டினார்கள். என் மனைவி வாசலில் நின்று, குழாய் எந்தப் பக்கம் வரும் என்று வேலையாட்களிடம் ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மட்டும் ஒவ்வொரு மாலையும் நடைப்பயிற்சி என்று சொல்லிக்கொண்டு போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இருந்தது. இருந்தும் மறுநாளும் போவேன். யாராவது “சார், அந்த வருசம்...” என்று பேச்செடுத்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். அந்த ஆண்டு வற்றியது எந்தக் கிணறு என்பதை நினைவில் வைத்திருக்கும் வயதானவர்கள் ஊரில் இன்னும் எத்தனை பேர் என்று யோசித்துக்கொண்டே படுப்பேன்... அவர்களில் ஒருவர் இறந்த செய்தி வந்தபோது என் மனத்தில் முதலில் எழுந்தது துக்கமா, நிம்மதியா? கேட்காதீர்கள்!

தொட்டிக்கு அஸ்திவாரம் போட்டிருந்த சமயம். எங்கள் தொழிற்சாலையின் புதிய பிரிவுக்குப் பெண்களை எடுத்தார்கள். பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். பயிற்சி முடிந்தால் பர்மனென்ட். வீட்டு வாசலுக்கே கம்பெனி பஸ். அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள் எல்லாம் சான்றிதழோடு வரிசையில் நின்றார்கள். அமுலுவிடம் சான்றிதழ் ஏது? பள்ளிக்கூடம் திறக்கும்போது அவள் சூளையில் இருப்பாள். சூளை முடிந்து வரும்போது பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும். பிறந்தது வீட்டில்.

“ஒங்க ஊர்ப் பொண்ணுதானே? வயசு நீங்க சொன்னாப் போதும். டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கலாம்” என்றார் மேலாளர்.

முனியம்மா மகளோடு டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். அமுலு மடிப்புக் கலையாத புதுத் தாவணியில் நின்றாள். என் மேசைக்குப் பக்கத்தில் பாலு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“சார், இவளுக்குப் பதினெட்டு முடிஞ்சிபோச்சின்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்” என்றாள் முனியம்மா. “அன்னிக்கு மீட்டிங்ல நீங்க சொன்னப்பறம் கணக்கு இடிக்கிது. பொய் சொல்லி வேலைல சேத்துட்டு அப்பறம் பிரச்சன வந்துட்டா? அதான் உங்களயே கேட்டுக்கினு போலாம்னு...”

பாலு டம்ளரை வாயிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்திருந்ததா? தெரியாது. கடனின் முதல் தவணை மட்டும் வந்திருந்தது, இரண்டாவது வரவேண்டும். பதினெட்டு முடிந்துவிட்டது என்று சொன்னால், அந்த ஆண்டு திரும்பி வரும். அந்த ஆண்டோடு வற்றிய கிணறும் திரும்பி வரும்.

ஒரு சொல். ஒரே ஒரு சொல் போதும், அமுலு பஸ் ஏறியிருப்பாள்.

“இன்னும் ஒரு வருஷம் போகட்டும்மா” என்றேன்.

அமுலு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. தாயின் முந்தானையை இழுத்து, “வாம்மா, சூளைக்கு முன்பணம் வாங்கிக்கலாம்” என்றாள். முனியம்மா எனக்குக் கைகூப்பிவிட்டுப் போனாள். கைகூப்பிவிட்டு! பாலு, “நல்ல பொம்பள சார், அநியாயத்துக்கு நேர்ம” என்று சிரித்தான்.

அந்த ஆண்டு சேர்ந்த பெண்கள் பர்மனென்ட் ஆனார்கள். அடுத்த ஆண்டு ஆள் எடுக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு எடுத்தவர்கள் எல்லாரும் பாலுவின் கான்டிராக்ட் ஆட்கள். அமுலு அதில் சேர்ந்தாள். அதே எந்திரம், அதே நேரம். சம்பளம் பாதிக்கும் குறைவு, பஸ் கிடையாது. அவள் நடந்து வந்து அட்டையை நீட்டும்போதெல்லாம் நான் தலைகுனிந்து முத்திரை குத்தினேன்.

தொட்டித் திறப்பு விழாவில் என்னை மேடையில் உட்காரவைத்தார்கள். முதல் தண்ணீர் என் வீட்டுக் குழாயில் வந்தது. என் மனைவி அதைப் பித்தளைச் செம்பில் பிடித்து என்னிடம் நீட்டினாள். குடித்தேன். இனித்தது... இப்போதும் மறுக்கமுடியவில்லை, இனித்தது!

மூன்றாவது கோடையில் கிணறு வற்றியது.

முதலில் காலனிக் குழாய்கள் நின்றன. பிறகு நடுத்தெரு. கடைசியாக என் வீடு. குழாய் வரி மட்டும் நிற்கவில்லை, கடன் இருக்கிறதே! மீண்டும் லாரி வந்தது. ஒருநாள் காலை கம்பெனி பஸ் எங்கள் தெருவழியாகப் போனபோது, லாரிக்குக் காத்திருந்த வரிசையில் அமுலு நின்றாள், கழுத்தில் தாலியோடு. பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெண், அவளோடு வளர்ந்தவள், கையசைத்தாள். அமுலு குடத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அந்தப் பஸ்ஸில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலையே கிணற்றடிக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் போகவில்லை, கால்கள் கொண்டுபோயின. அங்கே முனியம்மா நின்றிருந்தாள், உள்ளே எட்டிப் பார்த்தபடி. கேட்க வேண்டியதெல்லாம் கேட்டுவிடுவாள் என்று நடுங்கினேன். கேட்டுவிடமாட்டாளா என்றும் ஏங்கினேன்!

“பூட்ச்சி பாத்தீங்களா சார்” என்றாள். “வத்தாதுன்னாங்க.”

வத்தாதுன்னீங்க என்று அவள் சொல்லவில்லை.

“ஆமாம்மா...”

“எனுக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். அமுலு பொறந்தப்ப வத்தினது வேற கெணறுதான?”

இதோ, கேட்டுவிட்டாள். கோபமில்லாமல், சாட்சியில்லாமல், தலைவரில்லாமல், பாலு இல்லாமல். கடன் முழுவதும் வந்து முடிந்துவிட்டது; இழப்பதற்கு எனக்கு ஒன்றுமே மிச்சமில்லை. என் பெயரைத் தவிர.

“வேற கிணறுதான்” என்றேன்.

அவள் இடுப்புச் சேலையைச் செருகிக்கொண்டாள்.

“அமுலுக்குப் புள்ள பொறந்து மூணு மாசம் ஆவுது சார். ஆஸ்பத்திரிலயே தேதி போட்டுச் சீட்டு குட்த்துட்டாங்க. இனிமே யாராண்டயும் போய்க் கேக்கத் தேவல்ல.”

போய்விட்டாள்.

அவளுக்குத் தெரியுமா? தெரிந்துதான் சொன்னாளா? இல்லை, ஒரு நல்ல செய்தியைத்தான் சொன்னாளா? இதை எழுதும் இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியவில்லை. ஊரில் இன்னும் தேதி கேட்டு வருகிறார்கள். சொல்கிறேன், எல்லாம் சரியாகத்தான் சொல்கிறேன். அமுலு தினமும் காலையில் ஜன்னலுக்கு வெளியே நின்று அட்டையை நீட்டுகிறாள். அதில் அவள் பிறந்த ஆண்டு இருக்கிறது. நான் கொடுத்த ஆண்டு.

முத்திரையைக் குத்துகிறேன். “சரி, போம்மா” என்கிறேன்.