மூலையில் ஒரு செல் நம்பர்

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஃப்ளெக்ஸ் கடையில் பதினேழு வருஷமாக டிசைன் பண்ணுகிறவள் சனோபர். நான் முருகம்மாள், அதே கடையில் அழைப்புப் பத்திரிகை மடிக்கிறவள். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அவள் கை படாமல் ஊரில் ஆகாது. ஆனால் பேனர் நாலு நாளில் கிழிந்துவிடும், பத்திரிகை பழைய பேப்பர்காரனிடம் போய்விடும். போனில் கூப்பிடுகிறவர்களுக்கு அவள் வெறும் ‘டிசைன் அக்கா’. பேர் எவனுக்குத் தெரியும்? இதில் அவளைவிட எனக்குத்தான் ஆத்திரம் அதிகம்.

சர்வதேசப் பெண்கள் கபடிப் போட்டிக்கு நினைவுத் தபால்தலை வரைந்து யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று பேப்பரில் வந்தது. பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவள் அல்லவா, கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, ஸ்டாம்பையாவது கிழிக்காம ஆல்பத்துல வச்சிருப்பாவல்லா?" என்றாள்.

ஒரு மாதம் மதியச் சோற்றை மறந்து வரைந்தாள். நடுக்கோட்டைத் தொட நீளும் ஒருத்தியின் கை, அவள் காலைப் பிடித்து இழுக்கும் நாலு கை. அவ்வளவுதான் படம். பார்த்தால் நமக்கே மூச்சு முட்டும்.

ஆடி மாதம், படம் அனுப்பக் கடைசி நாள். படத்தைப் பிரிண்ட் எடுத்து, விண்ணப்பத்தை மைப்பேனாவால் நிரப்பி, கவரைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தாள். குற்றாலத்துச் சாரல் ஊருக்குள் இறங்கியிருந்தது. தபாலில் சேர்த்துவிட்டுத் தொப்பலாகத் திரும்பியவள் கம்ப்யூட்டரைப் பார்த்ததும், "யா அல்லா!" என்று தலையில் கை வைத்தாள்.

படத்துக்குக் கீழே மூலையில் அவள் செல் நம்பர். ஒவ்வொரு பேனரிலும் போடுகிற நம்பரை இதிலும் கை தானாகப் போட்டுவிட்டது. படத்தாளில் பேரோ நம்பரோ இருந்தால் தள்ளுபடி என்று விதியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான்.

"ஏட்டி, ஸ்டாம்புலயும் ஆர்டர் பிடிக்கப் பாக்கியா?" என்று கேலி செய்துவிட்டேன். அவள் அழுததைப் பார்த்ததும் என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதன்பிறகு அவள் கபடி என்ற பேச்சையே எடுக்கவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மவுஸை விடாமலே, "சொல்லுங்க, பேனரா, பத்திரிகையா? என்ன சைஸ்?" என்றாள்.

"தபால்தலைங்க. சென்னை தபால் ஆபீஸ்லேர்ந்து பேசுறேன். நீங்க அனுப்பின ஃபார்ம் நனைஞ்சு, பேர், அட்ரஸ் எல்லாம் கரைஞ்சுபோச்சு. கவர்லயும் அப்படித்தான். மூலையில இருந்த இந்த நம்பர் மட்டும்தான் மிச்சம். தள்ளிடலாம்னுதான் இருந்தோம். படத்துக்கு வெளியே ஓரத்துல இருந்ததால, வெட்டி எடுத்துவச்சிட்டு நடுவர்களுக்கு அனுப்பினோம். அவங்க இதைத்தான் தேர்ந்தெடுத்திருக்காங்க."

அப்பாடா! என் நெஞ்சிலிருந்து யாரோ அம்மிக்கல்லை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அவள் கை அப்போதுதான் மவுஸை விட்டது.

"வரைஞ்சது யாருன்னு பதியணும். உங்க பேரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லுட்டி!" என்று முதுகில் ஒன்று போட்டேன்.

"சனோபர்" என்றாள். அவர் சரியாக எழுதினாரோ என்று சந்தேகம் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக இன்னொரு தரம் சொன்னாள்.