தீட்டு நாளில் விழுந்த கையெழுத்து

மருத்துவச்சி குள்ளம்மாள் நீட்டிய கால்களில் குழந்தையைக் கிடத்தி வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிறந்து ஐந்து நாள். பஞ்சாயத்துத் தலைவர் கிருஷ்ணப்பனின் மகன்வழிப் பேரன். தாத்தாவின் மூக்கு அப்படியே இருந்தது. அதையும் பக்குவமாகவே நீவிவிட்டாள்.

கோபமெல்லாம் தாத்தாவின் மேல்தான். கடத்தூர் சாலைக்குப் போகும் வண்டிப்பாதையை அவர் முள்வேலிக்குள் வளைத்து நிலக்கடலை போட்டிருந்தார். பாதையைத் திறக்கச் சொல்லி உறுப்பினர்கள் இரண்டு முறை தீர்மானம் கொண்டுவந்தார்கள். கூட்டத்தை நடத்துகிறவர் கையெழுத்திட்டால்தான் தீர்மானம் செல்லும். இரண்டு முறையும் அவர் பேனாவைத் தொடவில்லை. 1939 ஐப்பசியில் குள்ளம்மாளின் மகள் சின்னபொண்ணு, வயிற்றில் குழந்தை குறுக்கே கிடக்க, ஆஸ்பத்திரிக்கு ஓடைவழியாகச் சுற்றிப் போனாள். வண்டி சேற்றில் புதைந்தது. அதிலேயே செத்தாள்.

அது நடந்து இரண்டு வருடம்.

"நாளைக்குக் கூட்டமாமே? நான் சொல்லாம யாரு போட்டது?" வாசலில் நின்று கேட்டார் கிருஷ்ணப்பன்.

"துணைத்தலைவரு முனிராஜ்தானுங்க. மாரியாயி கோயில் மண்டபத்துல. நாந்தான் போடச் சொன்னேன், உங்க பேரன் பொறந்த அன்னிக்கே."

அவருக்குப் புரிந்துவிட்டது. பிறப்புத்தீட்டு உள்ளவர் கோயில் படி ஏறக்கூடாது. தலைவர் வராவிட்டால் துணைத்தலைவர்தான் கூட்டத்தை நடத்துவார். தீட்டுக் கழிக்கும் தண்ணீரைப் பிள்ளை எடுத்தவள்தான் தெளிக்க வேண்டும்.

"இன்னைக்கே தெளிச்சு வுட்டுரு, குள்ளம்மா."

"பதினோராம் நாளுதாங்க. போன வருசம் மெம்பரு ராஜப்பன் வூட்டுல புள்ள பொறந்தப்ப, கூட்டத்துல ஓட்டுப்போட வந்த மனுசனத் தீட்டுன்னு மண்டபத்துப் படியிலயே திருப்பி அனுப்பினீங்களே."

"எம் பேரனக் குளிப்பாட்டிக்கிட்டே எங்கழுத்துல கால வெக்கிறியா?"

"காலு மேல உங்க பேரன் இருக்கானுங்க. அவனுக்கு ஒரு கொறையும் வராது."

மறுநாள் அவர் மண்டபத்துப் படி வரைக்கும் வந்துவிட்டார். "செல்லாது! நான் ஒத்துக்க மாட்டேன்!" என்று கீழேயிருந்து கத்தினார்.

"ஏறிடாதீங்க தலைவரே, ஆத்தாளுக்கு ஆகாது!" என்றான் ராஜப்பன் மேலேயிருந்து. மண்டபமே சிரித்தது. பாதையைத் திறக்கும் தீர்மானத்தில் முனிராஜ் கையெழுத்துப் போட்டார்.

படிக்குக் கீழே ஓரமாக நின்ற குள்ளம்மாள் சிரிக்கவில்லை. கிருஷ்ணப்பனின் முகம் கறுத்துத் தொங்குவதை, அவர் திரும்பி நடக்கும் வரை நின்று பார்த்தாள். மகள் வரப்போவதில்லை. ஆனாலும் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் கொடுவாளோடு போய் வேலியின் முதல் முள்ளை அவளே வெட்டினாள். பிறகு ஆண்கள் இறங்கினார்கள். பூத்து நின்ற கடலைச்செடிகளை மிதித்துக்கொண்டு, சுற்றாமல் நேராகக் கிருஷ்ணப்பன் வீட்டுக்கு நடந்தாள். வாசலில் கை கால் கழுவிக்கொண்டு, "வெந்நி காஞ்சிருச்சா?" என்று கேட்டு, குழந்தையை வாங்கிக் கால்மேல் போட்டுக்கொண்டாள்.