பின்னறையில் நாலாவது ஆள்

எங்கள் வீட்டுப் பின்னறையை அம்மா மருத்துவ பீடத்துப் பிள்ளைகள் மூவருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார். ஆளுக்கு எட்டாயிரம் ரூபாய். மூன்று கட்டில், ஒரு மேசை, மழைக்கு ஒழுகும் கூரை. ஊரே மெச்சும் கெட்டிக்காரிகள் உடுப்புகளைப் பயணப் பைக்குள் வைத்து எடுத்தார்கள். அலுமாரி கேட்கும்போதெல்லாம் அம்மா, "பாப்பம் பிள்ளை" என்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் அந்தக் காசில் நானும்தான் சாப்பிட்டேன்.

கார்த்திகை மழையில் ஒருநாள் அறைக்குள் வெள்ளம் வந்துவிட்டது. கட்டிலுக்குக் கீழே நனைந்துகொண்டிருந்த மட்டைப்பெட்டியை நானும் அம்மாவும் தூக்கினோம். அடி கிழிந்து மனித எலும்புகள் கொட்டுண்டன. மண்டையோடு என் காலடியில் வந்து நின்றது.

செத்தவீட்டுக்குப் போய்வந்தால் முழுகாமல் வீட்டுக்குள் வராத அம்மா கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ குனிந்து, அதை இரண்டு கைகளாலும் எடுத்தார்.

"ஆரின்ரை பிள்ளை இது?"

"தெரியாது அன்ரி," என்றாள் ஒருத்தி, பயந்துபோய். "படிக்கிறதுக்கு சீனியர் அக்கா தந்தவ. நாங்களும் பிறகு வாற பிள்ளையளுக்குக் குடுக்கோணும்."

எத்தனை வருடமாக, எத்தனை வாடகை அறைகளில், இந்த மனிதர் பெயரில்லாமல் படிப்பித்துக்கொண்டிருக்கிறார்!

அம்மா சேலைத் தலைப்பால் ஈரத்தைத் துடைத்தார். "ஆரோ பெத்த பிள்ளை. நிலத்திலை வைக்கக்கூடாது" என்றார். தன் அலுமாரியைத் திறந்து, மேல்தட்டிலிருந்த தன் கல்யாணக் கூறைச்சேலையை இறக்கிவிட்டு, மண்டையோட்டையும் மற்ற எலும்புகளையும் அந்த இடத்தில் வைத்தார்.

மூன்று பிள்ளைகளும் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒரு வருடமாக அவர்கள் கேட்ட அலுமாரி, ஒருநாளும் கேட்காதவருக்குக் கிடைத்தது.