சாவியும் கம்பளியும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டில் ஒரு ஓட்டலுக்கு, அறை பதிவு செய்யும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். படிப்பு முடித்து நான் தனியாகச் செய்த முதல் வேலை. சேலத்தில் ஒழுங்காக ஓடியது, மலைக்குப் போனதும் நடுவில் அப்படியே உறைந்து நின்றது. போன் வரவே பஸ் ஏறினேன்.

வரவேற்பில் இருந்த அக்கா, பக்கத்து ஊரான நாகலூர்க்காரர். "சில பேருக்கு ரூம் குடுக்குது கண்ணு, சில பேருக்குக் குடுக்க மாட்டீங்குது," என்றார்.

புரோகிராமில் சின்னச் சின்னப் பகுதிகள் நிறைய. ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் வைத்து, ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தேன். எதற்குள் போய் மாட்டிக்கொள்கிறது என்றுதான் தெரியவில்லை. எனவே, உள்ளே நுழைந்ததும் உன் பெயரைப் பிரிண்டரில் அடி என்று ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஒரு வரி சேர்த்தேன்.

மதியத்துக்குமேல் மழையில் நனைந்தபடி ஒரு குடும்பம் வந்தது. அறையோடு கூடுதலாக இரண்டு கம்பளி கேட்டார்கள். நான் விவரங்களைக் கம்ப்யூட்டரில் தட்டினேன். பிரிண்டர் கரகரத்தது. அக்கா குனிந்து சத்தமாக வாசித்தார்: "வாங்க... அறை... சாவி... கம்பளி... சாவி... கம்பளி... சாவி... கம்பளி..."

காகிதம் தரையில் மடிந்து விழுந்துகொண்டே இருந்தது. வந்திருந்த அம்மா பதறிப்போய், "ஏனுங்க, எங்களுக்கு ரெண்டு கம்பளி போதுமுங்க," என்றார்.

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. விஷயம் புரியாமலே அந்தக் குடும்பமும் சேர்ந்து சிரித்தது.

ஆனால் தவறு பிடிபட்டுவிட்டது. சாவி என்ற பகுதி, கம்பளி என்ற பகுதியைக் கூப்பிடுகிறது. எந்த அறைக்கு என்று கேட்கக் கம்பளி மறுபடி சாவியையே கூப்பிடுகிறது. கம்பளி கேட்டவர்களுக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல். சேலத்து வெயிலில் உட்கார்ந்து சோதித்த எனக்கு, ஒருவர் கம்பளி கேட்பார் என்று தோன்றவே இல்லை.

அக்கா அவர்களுக்குச் சாவியும் கம்பளியும் கொடுத்தனுப்பினார். நான் திருத்திவிட்டு, அதே விவரங்களை மறுபடி தட்டினேன். வாங்க, அறை, சாவி, கம்பளி, நன்றி. பிரிண்டர் அமைதியானது. அக்கா கை தட்டினார்.

சேர்த்த வரிகளை எடுக்கப் போனேன். "இருக்கட்டும் கண்ணு. உள்ளார என்ன நடக்குதுன்னு நமக்கும் தெரியுதில்ல," என்றார்.

இன்று செல்போன் செயலிகள் எழுதும்போதும், ஒவ்வொரு பகுதியையும் முதலில் அதன் பெயரைச் சொல்ல வைக்கிறேன். அன்று பஸ்ஸில் ஜன்னலைத் திறந்து வைத்து, சாரலில் நனைந்துகொண்டே மலையிறங்கினேன்.