அக்கா கல்யாணத்துக்கு நான் போட்ட போர்டு

இன்னிக்கு காம்பார் மண்டபத்துல அக்கா கல்யாணம். வழியில ஒவ்வொரு சிம்பாங் முச்சந்தியிலயும் விளக்குக் கம்பத்துல கட்டுற கல்யாண போர்டு என் டிசைன்.

பூ, குத்துவிளக்கு எதுவும் வேணாம்னு, பொண்ணு மாப்பிள்ளை பேரோட முதல் எழுத்து மட்டும் போட்டேன். மஞ்சள்ல கருப்பு, வட்டமும் சதுரமுமா தடித்தடி எழுத்து. கீழே அம்புக்குறி.

காலையில மண்டப வாசல்ல ரெண்டு பேர், தோள்ல டவலோட என்னைக் கேட்டாங்க.

"அண்ணே, ஜிம் திறந்தாச்சா?"

"கல்யாண வீடுலா இது!"

"போர்டைப் பார்த்துதான் வந்தோம்."

அப்பா அவங்களையும் பந்தியில உட்கார வச்சுட்டாரு.

அப்போ கோலா கங்சார்லேருந்து வர்ற மாப்பிள்ளை போன் பண்ணாரு. "மச்சான், ஏதோ ஜிம் போர்டைத் தாண்டி வந்துட்டோம். மண்டபம் இன்னும் எவ்வளவு தூரம்?"

என் போர்டு தூரத்துலேருந்தே பளிச்சுனு தெரியுதுதானே, பிறகு எங்கலா தப்பு?