என்னை ஏற்ற வந்தவர்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், ரொறன்ரோவுக்கு வெளியே, ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே போகிற கல் வீதியில் ஒரு தமிழ்ப் பெண் சைக்கிளில் போனால், அவளுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் அர்த்தம். கார் பழுதாகியிருக்கும். புருஷன் துரத்தியிருப்பான். இல்லாவிட்டால் மூளை கலங்கியிருக்கும். ஆசைப்பட்டுச் சைக்கிள் ஓடுகிறாள் என்ற நினைப்பு எங்கள் ஆட்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போது நான் யூனியன்வில்லில், அண்ணா புதிதாக வாங்கிய வீட்டின் பேஸ்மென்ற்றில் இருந்தேன். பிளாஸ்ரிக் மூடி செய்கிற தொழிற்சாலையில் வேலை. பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கராஜ் சேலில் வைத்திருந்த மவுன்ரின் பைக் ஒன்றை வாங்கினேன். தடித்த ரயர், கழுத்தில் கொஞ்சம் துரு, மற்றபடி நல்ல சாமான். அண்ணி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உது ஆம்பிளையளின்ர எல்லோ?" என்றார். சைக்கிளுக்கு ஆண் பெண் இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

ஏன் அந்தச் சைக்கிள் என்று கேட்டால், ஊரிலிருந்து வெளிக்கிட்ட நாள் முதல் என்னை யாரோ ஏற்றிக்கொண்டேதான் போனார்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் வானில் ஏற்றினான், லொறியில் ஏற்றினான், கடைசியில் விமானத்தில் ஏற்றினான். எங்கே போகிறோம் என்று கேட்டால் வாயைப் பொத்து என்றான். ரொறன்ரோவுக்கு வந்த பிறகு அண்ணா ஏற்றினார். வேலைக்கு ஒரு வான் வந்து ஏற்றும், பின்னேரம் கொண்டுவந்து இறக்கும். எங்கள் தொழிற்சாலையின் மூடிப் பெட்டிகளையும் அப்படித்தான் ஏற்றி இறக்கினார்கள்.

ஆகவே எனக்கு வேண்டியிருந்தது ஒரு சுற்று. வீட்டிலிருந்து வடக்கே மிதித்தால் முதலில் வயல்கள், பிறகு புது வீடு விற்கக் கொடி பறக்கவிட்ட மாடல் ஹோம்கள், அதற்கு அப்பால் தார் முடிந்து கல் வீதி. அங்கிருந்து நிலம் ஏறி இறங்கத் தொடங்கும். ஒரு மேட்டில் மூச்சு வாங்க ஏறினால் மறுபக்கம் மிதிக்காமலே பறக்கலாம், அந்த வேகம் முடிய அடுத்த மேடு வந்துவிடும். பிறகு பைன் காடு. காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை, மணல், வேர்கள், விழுந்து கிடக்கிற மரங்கள். அதைக் கடந்து மறுபக்கத்தால் வெளியே வந்தால் இன்னொரு கல் வீதி வீட்டுப் பக்கம் திரும்பும். பனி விழ முதல் இந்தச் சுற்றை ஒரு தடவையாவது, ஒருவரும் ஏற்றாமல், என் காலால் முடிக்க வேண்டும். பெரிய ஆசை இல்லை.

ஆனால் அந்த வீதியில்தான் கோழியும் ஆடும் விற்கிற பண்ணை இருந்தது. சனிக்கிழமை காலையில் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் இறைச்சி வாங்க அந்தப் பக்கம் போவார்கள்.

முதல் தடவை ஒரு நீல வான் என்னைத் தாண்டிப் போய் நின்று, பின்னுக்கு வந்தது. முன் சீற்றில் இருந்த பெண் தலையை வெளியே நீட்டினாள்.

"தங்கச்சி, என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. சைக்கிள் ஓடுறன்."

"அது தெரியுது. ஏன் ஓடுறீங்கள்?"

"சும்மா."

சும்மா என்ற சொல் அவளுக்குப் பெரிய துக்கச் செய்தி போலக் கேட்டிருக்க வேண்டும். "ஐயோ பாவம்" என்றாள். அதற்குள் அவளுடைய புருஷன் இறங்கி, என் சைக்கிளைத் தூக்கி, வெட்டிய கோழிகள் வைத்திருந்த பெட்டிக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொன்னதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வந்து தேத்தண்ணியும் குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அவர்கள் போனதும் அண்ணா வெடித்தார். "சனம் என்ன நினைக்கும்? தங்கச்சிக்கு ஒரு காருக்கு வழியில்லை எண்டெல்லோ கதைப்பினம்!"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலத்தில் அண்ணா என்னைத் தனியே சைக்கிளில் எத்தனை இடத்துக்கு அனுப்பியிருப்பார்! ஆமி ஹெலிகொப்ரர் சுற்றுகிற நேரத்தில் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் போனேன். அப்போது சனம் ஒன்றும் நினைக்கவில்லை. குண்டு விழுகிற வீதியில் ஓடலாம், மாடு மேய்கிற வீதியில் ஓடக்கூடாது. என்ன நியாயம் இது?

அடுத்த தடவை ஒரு அங்கிள். நான் ஏறமாட்டேன் என்று ஹாண்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. "சரி பிள்ளை, நீர் ஓடும். நான் பின்னால வாறன்" என்றார். வந்தார். நான்கு மூலையிலும் லைற் மினுங்க, நடை வேகத்தில், மேடு பள்ளமெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் அந்தக் கார் உறுமிக்கொண்டு வந்தது. பண்ணை வீட்டுக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். செத்த வீட்டு ஊர்வலம் என்று நினைத்திருப்பார். காட்டுக்குள் திரும்பினால் அங்கிள் பொலிசைக் கூப்பிட்டுவிடுவார் என்று பயந்து, பாதியில் வீட்டுக்குத் திரும்பினேன்.

இப்படியே ஆவணி போனது, புரட்டாதியும் போனது. நான் காட்டு வாசலைத் தொட முதல் யாரோ ஒருவர் என்னைக் காப்பாற்றிவிடுவார்.

பிறகு ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். மண்டபம் நிறைந்த சனம். எனக்கு முன்பின் தெரியாத ஒரு அன்ரி பக்கத்தில் வந்து என் கன்னத்தைத் தடவினார். "உவதானே சைக்கிளில திரியிற பிள்ளை? பாவம். எங்கட இவர் கார் வச்சிருக்கிறார், எங்கையும் போறதெண்டா சொல்லும்."

என் கையில் றோல்ஸ் தட்டு இருந்தது. அதை மேசையில் குத்தி வைத்துவிட்டு எழும்பினேன். "இனி ஒருத்தரும் என்னை ஏத்த வரவேண்டாம். நான் றோட்டில செத்துக் கிடந்தாலும் ஏத்த வேண்டாம். விளங்குதோ?" பாட்டுப் போடுகிறவர் பாட்டை நிறுத்திவிட்டார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அண்ணா கார்த் திறப்புக் கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

எங்கள் ஆட்களிடையே செய்தி பரவுவதற்கு ரெலிபோன்கூடத் தேவையில்லை. அடுத்த சனிக்கிழமை வீதி எனக்கு முழுசாகக் கிடைத்தது. வான்கள் என்னைக் கண்டதும் மறுகரைக்கு ஒதுங்கிப் போயின. நான் முதன்முதலாகக் காட்டுக்குள் போனேன். பைன் ஊசிகளுக்கு மேல் ரயர் சத்தமில்லாமல் ஓடியது. வேர்களில் குதித்து, மணலில் வழுக்கி, ஒரு சரிவில் பிறேக்கைத் தொடாமல் இறங்கினேன். வாய்விட்டுச் சிரித்தேன். கேட்க ஒருவரும் இல்லை, நல்லகாலம்.

மறுபக்க வாசல் தெரிகிற தூரத்தில் ஒரு வேர் முன் ரயரை வாரியது. விழுந்து எழும்பிப் பார்த்தால் செயின் அறுந்து தொங்கியது. முழங்கால் கிழிந்து இரத்தம். மழையும் பிடித்துக்கொண்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதிக்கு வந்தேன். தூரத்தில் ஒரு வான் வந்தது. அதே நீல வான். என் கை தானாக மேலே எழும்பியது.

வான் வேகம் குறைந்தது. அந்தப் பெண் கண்ணாடியை இறக்கி, முகமெல்லாம் சிரிப்பாக, "தங்கச்சி, பயப்பிடாதேங்கோ, நாங்கள் நிப்பாட்டேல்லை! நீங்கள் ஓடுங்கோ!" என்று கத்தினாள். புருஷன் ஹோர்ன் அடித்து உற்சாகப்படுத்தினார். போய்விட்டார்கள்.

வீதியில் நின்று எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். இரத்தம் வழிய, மழையில் நனைய, ஒருத்தி கையைக் காட்டுகிறாள்! முன்பு வாய்விட்டு வேண்டாம் என்றபோது தூக்கிப் போட்டார்கள். இப்போது வேண்டும் என்றபோது விட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டு தரமும் ஏறுகிறேனா என்று என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

வேறு வழியில்லை. ஏற்றத்தில் உருட்டினேன். இறக்கத்தில் ஏறி இருந்தேன், செயின் இல்லாமலே சைக்கிள் ஓடியது. அடுத்த ஏற்றத்தில் மறுபடி உருட்டினேன். நிலம் அப்படி ஏறி இறங்கிக் கிடந்ததால் பாதித் தூரத்தை அதுவே தந்தது. தார் வீதி வந்த பிறகு மிச்சம் முழுக்க நடை. மாடல் ஹோம் கொடிகள் மழையில் நனைந்து தொங்கின. திட்டிக்கொண்டே நடந்தேன். திட்டத் திட்டக் கால் வேகமாக வந்தது.

பொழுதுபட முதல் வீட்டை அடைந்தேன். அண்ணா கராஜுக்கு முன்னால் டிரைவேயில் நின்றார். குடையில்லை. கார்த் திறப்புக் கொத்து கையில் இருந்தது. சேர்ட் உடம்போடு ஒட்டியிருந்ததைப் பார்த்தால், வெகு நேரமாக அங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

"நீ வரவேண்டாம் எண்டனி. அதான் வரேல்லை" என்றார்.

அவர் என் முழங்காலைப் பார்த்தார், செயினைப் பார்த்தார், நான் வந்த வீதியைப் பார்த்தார்.

"முழுக்கச் சுத்தினியோ?"

"ஓம்."

கையை நீட்ட வந்தவர் பாதியில் நிறுத்தினார். "சைக்கிளை நான் உள்ளுக்கு வைக்கட்டோ?" என்று கேட்டார்.

"வேண்டாம்" என்றேன். அண்ணா விலகி நின்றார். நான் உருட்டிக்கொண்டுபோய் கராஜுக்குள், அவருடைய காருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.